காத்திருப்பவளின் சம்மதம்

நிக்காஹ் நிறைவேற எவ்வளவு நேரம் ஆகும்? குத்பா ஓதி, மஹரைச் சொல்லி, வலீ மணமுடித்துக் கொடுக்க, மணமகன் ஏற்றுக்கொள்ள, சாட்சிகள் இருவர் செவியுற, துஆவோடு முடிவதற்குக் கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்தில், அந்நியராயிருந்த இருவர் ஒருவருக்கொருவர் ஆகுமானவராகி விடுகின்றனர். ஷரீஅத்தின் பார்வையில் அதற்குமேல் அவ்விருவருக்கும் இடையே நிற்கும் திரை எதுவும் இல்லை. ஆனால், மணமகன் ஷார்ஜாவிலோ ரியாதிலோ லண்டனிலோ பணிபுரிபவனாயின், திரை அப்போதுதான் விழத் தொடங்குகிறது. கணவன் மனைவி என்று இறைவன் முன்னும் ஊரார் முன்னும் அறிவிக்கப்பட்ட இருவர், தாம் கணவன் மனைவிதாம் என்பதை மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் ஓர் அலுவலருக்கு மெய்ப்பிக்க மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் அலைய நேர்கிறது. இதனை வெறும் அலுவலகத் தொல்லை என்று கருதி, "விசா வந்துவிடும், பொறுத்திரு" என்று பெண்ணிடம் கூறிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆயினும் மார்க்கமும் அறமும் சார்ந்த கேள்வி ஒன்று இதனுள் அடங்கிக் கிடக்கிறது. இந்தக் காத்திருப்புக்குச் சம்மதம் தரும் உரிமை யாருக்கு உரியது?

யாம் வாழும் பூந்தமல்லி, பயணிகளுக்குப் புதிய ஊரன்று. கோல்கொண்டாவின் அப்துல்லா குத்ப் ஷா ஆட்சியில், 1653ஆம் ஆண்டு இங்கே பள்ளிவாசல் எழுப்பிய ருஸ்தம் என்பார், பாரசீகத்து அஸ்தராபாத்தைச் சேர்ந்த துல்ஃபிகாரின் மைந்தர். அவர் மனைவி மக்களோடு வந்தாரா, தனித்து வந்தாரா என்று எல்லையில் எவரும் தாள் கேட்டிருக்கமாட்டார்கள். இன்று நிலைமை வேறு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையையும் ஆவடித் தொழிற்சாலைகளையும் நம்பித் தஞ்சை, இராமநாதபுரம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து இப்பகுதிக்குக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், இப்போது வளைகுடாவிலும் அதற்கு அப்பாலும் பிழைப்புத் தேடுகின்றனர். 'சபுராளி' என்னும் பழஞ்சொல், கடற்கரை ஊர்களிலிருந்து அவர்களோடு சேர்ந்து இந்தப் புறநகருக்கும் வந்துவிட்டது. சபர் போனவன் சபுராளி. அவனுக்காக வீட்டில் இருப்பவளைக் குறிக்க அப்படி ஒரு தனிச்சொல் நம் வழக்கில் பிறக்கவில்லை என்பதை வாசக அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

பெண் கணவனிடம் போய்ச் சேர வேண்டிய வழியைச் சற்றுப் பார்ப்போம். முதலில் ஜமாஅத்தின் தப்தர்ப் பதிவு. அது ஊருக்குப் போதும், அயல்நாட்டுக்குப் போதாது. 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி, எச்சமயத்தார் திருமணமாயினும் 90 நாட்களுக்குள் பதிவு செய்யப்பட வேண்டும். ஆதலால் தப்தர்ச் சான்றிதழோடு சார்பதிவாளர் அலுவலகத்திற்குப் போகவேண்டும். பிறகு கடவுச்சீட்டு. அதன்பின் திருமணச் சான்றிதழுக்கு மாநில அரசின் முத்திரை, மத்திய வெளியுறவுத் துறையின் முத்திரை, சில நாடுகளுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரையும். 2005இல் இந்தியா அப்போஸ்தில் உடன்படிக்கையில் சேர்ந்தபின் அதில் உறுப்பான நாடுகளுக்கு வேலை ஓரளவு சுருங்கிற்று. சவூதி அரேபியா 2022இல்தான் அதில் சேர்ந்தது. சான்றிதழில் தந்தையின் பெயர் 'முகம்மது' என்றும் கடவுச்சீட்டில் 'முஹம்மத்' என்றும் இருந்துவிட்டால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அரபிப் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதும் நம் வழக்கத்திற்கு இவ்வளவு பெரிய விலை வைக்கப்படும் என்று நம் முன்னோர் எண்ணியிருக்கமாட்டார்கள்.

இவை பெண்ணின் பக்கத்துத் தாள்கள். கணவனின் பக்கம் கேட்கப்படுவது அவனது சம்பளம். ஐக்கிய அரபு அமீரகம் மனைவியை வரவழைப்பதற்கு மாதம் 4000 திர்ஹம், அல்லது குடியிருப்போடு 3000 திர்ஹம் என்று வரம்பு வகுத்தது. 2019 வரை செய்யும் தொழிலின் வகையும் பார்க்கப்பட்டது. குவைத், 2022இல் குடும்ப விசாவை நிறுத்திவைத்து, 2024 ஜனவரியில் மீண்டும் திறந்தபோது 800 தினார் சம்பளம் கேட்டது. சவூதி அரேபியாவில் 2017 ஜூலை முதல் உடன் தங்கியிருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் வரி விதிக்கப்பட்டு, ஆண்டுதோறும் 100 உயர்ந்து, 2020இல் 400 ரியாலாயிற்று. மனைவியும் மூன்று மக்களும் உடனிருந்தவருக்கு மாதம் 1600 ரியால்! பத்தாண்டுகள் சேர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் இதனால் பிரிந்தன. மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டு ஆண்கள் மீண்டும் பொது அறைகளுக்குத் திரும்பினர். பிரிட்டனில் 2012இல் ஆண்டுக்கு 18,600 பவுண்டு என்று வைக்கப்பட்ட வருமான வரம்பு, 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டாக உயர்த்தப்பட்டது.

ஏழைக்குத் திருமணம் ஆகும். துணையோடு வாழும் உரிமை இல்லை என்பதே இக்கணக்குகள் அனைத்தின் சாரம். நம் மார்க்கத்தில் மஹர் ஓர் இரும்பு மோதிரமாகவும் இருக்கலாம் என்று படித்துப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும்.

தாள்களுக்கும் சம்பளத்திற்கும் அப்பால் இன்னொரு சோதனையும் உண்டு. உமது திருமணம் திருமணமே அன்று என்று சொல்லிவிடும் சோதனை அது. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட வரலாறு இருக்கிறது. தமிழர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு. தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத் நகரில் வாழ்ந்த ஹசன் ஈசூப் என்னும் முஸ்லிம், இந்தியாவில் மார்க்க முறைப்படி மணந்த தம் மனைவி பாய் மரியத்தை அங்கு அழைத்துச் சென்றார். அவரை நாட்டுக்குள் விட அதிகாரிகள் மறுத்தனர். வழக்கு, கேப் மாகாண உயர் நீதிமன்றத்திற்குச் சென்றது. 1913 மார்ச் 14ஆம் நாள் நீதிபதி ஸேர்ல் அளித்த தீர்ப்பு, பலதார மணத்தை அனுமதிக்கும் சமயத்தின் முறைப்படி நடந்த மணத்தைச் சட்டம் மணமாக ஏற்காது என்றது. ஹசனுக்கு மனைவி ஒருவரே. ஆயினும் அவரது மார்க்கம் அனுமதித்ததையே குற்றமாகக் கொண்டனர். அந்த ஒரு தீர்ப்பால், அங்கே வாழ்ந்த இந்தியப் பெண்கள், முஸ்லிம்களும் இந்துக்களும் பார்சிகளுமாகிய அனைவரும், சட்டத்தின் முன் மனைவியர் என்னும் நிலையை இழந்தனர்.

அதன்பின் நிகழ்ந்தது தமிழ்ப் பெண்களின் வரலாறு. அதுவரை ஆண்களே சிறை சென்ற சத்தியாக்கிரகத்தில் பெண்களும் இறங்கினர். டிரான்ஸ்வாலிலிருந்து எல்லை கடந்து நேட்டாலுக்குச் சென்று கைதான முதல் மகளிர் குழுவில் மிகப் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். கைக்குழந்தைகளோடு கடுங்காவல் தண்டனை ஏற்றோரும் அவர்களில் இருந்தனர். அவர்களைத் தொடர்ந்து அப்போராட்டத்தில் சிறை புகுந்து, நோயுற்று வெளிவந்து, 1914 பிப்ரவரி 22இல் பதினாறே வயதில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மைக்கு மணமே ஆகியிருக்கவில்லை. முஸ்லிம் பெண்ணொருத்தியின் நிக்காஹ் செல்லாது என்ற தீர்ப்பும் காரணமாக மூண்ட கிளர்ச்சியில் அந்தத் தமிழ்க் கன்னி உயிர் நீத்தாள். அதே ஆண்டு நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம், ஒரே மனைவியோடு வாழும் இந்தியரின் மணத்தை ஏற்று, மனைவியும் சிறு மக்களும் வந்துசேர வழிவிட்டது. நம் மேடைகளில் சமய நல்லிணக்கம் பேசுவோர் இந்த நிகழ்ச்சியை ஏனோ எடுத்துச் சொல்வதில்லை.

பிரிட்டனின் கதை வேறொரு விதத்தில் சிந்திக்கத்தக்கது. 1979 ஜனவரியில், மணம் புரிவதற்காக லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவரை, அவர் கூறியது மெய்தானா என்று அறிவதற்காக இழிவான உடற்சோதனைக்கு உள்ளாக்கினர். செய்தி வெளியாகி இந்திய அரசு கண்டனம் தெரிவித்தபின் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. உடலைச் சோதிப்பது போயிற்று. உள்ளத்தைச் சோதிப்பது வந்தது. 1980 முதல் 1997 வரை அங்கிருந்த ஒரு விதிப்படி, மனைவியிடம் சேர விரும்பும் கணவன், பிரிட்டனில் குடியேறுவது தன் திருமணத்தின் முதன்மை நோக்கமன்று என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இல்லாத ஒன்றை இல்லை என்று எவ்வாறு மெய்ப்பிப்பது? தன் நோக்கத்தைத் தானே முழுதும் அறிந்தவன் உலகில் எவன்? நம் ஃபுகஹாக்கள் இவ்விடத்தில் மிகுந்த அடக்கம் காட்டினர். நிய்யத்தின்றி அமல் இல்லை என்று வலியுறுத்திய அவர்களே, காழியின் தீர்ப்பு வெளிப்படையானதைக் கொண்டு மட்டுமே அமையும், உள்ளத்தின் இரகசியம் இறைவனுக்குரியது என்று வரையறுத்தனர். ஈஜாபும் கபூலும் சாட்சிகளும் இருந்தால் நிக்காஹ் நிக்காஹ்தான்.

எனினும் அரசுகளின் ஐயம் முற்றிலும் அடிப்படையற்றது என்று கூறுவது நேர்மையாகாது. குடியுரிமைக்காக ஒருத்தியை மணந்து, தாள் கைக்கு வந்ததும் அவளைக் கைவிடும் ஆண்கள் இருக்கத்தான் செய்கின்றனர். அவர்களால் ஏமாற்றப்படுவதும் பெரும்பாலும் நம் பெண்களே. விதியில் ஒரு நீதி வேண்டும் என்று கேட்டபோது விளைந்த வேடிக்கையும் உண்டு. பிரிட்டனில் குடியேறிய ஆண் மனைவியை அழைப்பது எளிது, பெண் கணவனை அழைப்பது கடினம் என்றிருந்ததை எதிர்த்து மூன்று பெண்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சென்றனர். 1985இல் அவர்கள் வென்றனர். உடனே பிரிட்டிஷ் அரசு, பெண்களுக்கிருந்த கடுமையை ஆண்களுக்கும் விரித்துச் சமத்துவத்தை நிலைநாட்டிவிட்டது!

அரசுகளைக் குறைகூறுவது எளிது. நம் இல்லங்களுக்குள் பார்வையைத் திருப்புவதே கடினம்.

மாப்பிள்ளை இருபது நாள் விடுப்பில் வருகிறார். மூன்றாம் நாள் பெண் பார்த்தல், ஏழாம் நாள் நிக்காஹ், இருபதாம் நாள் மீனம்பாக்கம். இடையில் வாடகைக் கார், வாசனைத் திரவியங்கள், உறவினர்க்கெல்லாம் சாக்லெட். ஹதீஸ் நூல்களின் வியாபாரப் பாடத்தில் 'முஸர்ராத்' என்று ஒரு சொல் வருகிறது. விற்கப்போகும் ஆட்டைச் சில நாள் கறக்காமல் விட்டு, மடி நிறைந்திருப்பதாகக் காட்டுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்கியவர் உண்மை அறிந்தபின் அதனைத் திருப்பித் தரவும் உரிமை அளித்தார்கள். மணமக்களை ஆட்டோடு ஒப்பிடுவதாக எண்ணற்க. ஆட்டு வியாபாரத்திலேயே இவ்வளவு கண்டிப்பு எனின், ஓர் உயிரின் வாழ்நாளை ஒப்பந்தம் செய்யுமிடத்தில் எவ்வளவு வேண்டும் என்பதே எம் கேள்வி. மாப்பிள்ளையின் சம்பளம் குடும்ப விசாவுக்குரிய வரம்பை எட்டுகிறதா, அவர் தங்கியிருப்பது எட்டுப் பேர் படுக்கும் நிறுவன அறையா என்பவற்றை மணமகன் வீட்டார் அறிவர். பெண் வீட்டார் கேட்பதில்லை. கேட்டால், "ஆறு மாதத்தில் கூட்டிக்கொள்வார்" என்று விடை வருகிறது. விதிகள் நாளை மாறக்கூடும். அதனை மாப்பிள்ளை அறிய முடியாது. அறிய முடியாததைச் சொல்லாமலிருப்பது பொய்யன்று. அறிந்த சம்பளத்தை மறைப்பது தத்லீஸ் எனும் வஞ்சகத்தின் பாற்படும்.

தாள்களிலும் இந்த வஞ்சகம் புகுவதுண்டு. விண்ணப்பத்திற்கு வசதியாகத் தப்தரில் நிக்காஹ் தேதியை மாற்றித் தரும்படி ஜமாஅத் செயலாளரை நெருக்குவோரை யாம் கண்டிருக்கிறோம். "ஒரு தேதிதானே, யாருக்கு நட்டம்?" என்பர். தப்தரில் ஒப்பமிட்ட இரு சாட்சிகளும் பொய்ச்சாட்சிகளாகின்றனர். அதுவே போதுமான நட்டம். ஒரு தப்தர் பொய்யென்று தெரிந்தால், அதற்குப்பின் அவ்வூரிலிருந்து வரும் மெய்யான தப்தர்களும் ஐயத்துக்கு உள்ளாகும்.

எம்மிடம் ஓதிய மாணவி ஒருத்தி, மணமாகிப் பதினான்கு மாதங்கள் கழிந்தபின் தன் தாயாருடன் வந்தாள். கணவன் ஓர் அரபு நாட்டில். சேர்ந்து வாழ்ந்த நாட்கள் பதினொன்று. மூன்றே மாதத்தில் விசா என்று சொல்லி முடித்த மணம் அது. அவள் அழவில்லை, யார்மீதும் குறையும் சொல்லவில்லை. "ஹழ்ரத், நான் இப்போது யார் வீட்டுப் பெண்? அத்தா சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறேன். மாமியிடம் அனுமதி கேட்டு வெளியே போகிறேன். எனக்கு ஷரீஅத்தில் என்ன பெயர்?" என்றாள். தாயார் இடைமறித்து, "இப்படியெல்லாம் ஹழ்ரத்திடம் கேட்கலாமா?" என்று அவள் கையைப் பற்றினார். கேட்கத்தான் வேண்டும் என்றோம்.

அவளுக்குக் கூறியதை இங்கும் கூறுகிறோம். ஷரீஅத்தில் அவள் பெயர் மனைவி, குறையற்ற மனைவி. நபகா எனும் ஜீவனாம்சம் அவளுக்கு உண்டு. ஹனஃபி மத்ஹபின் வெளிப்படையான கூற்றுப்படி, கணவன் அழைத்து அவள் வர மறுக்காதவரை, அவள் தந்தை வீட்டில் இருந்தாலும் நபகா கடமையாகும். விசா கிடைக்காமை என்னும் தடை கணவனின் பக்கத்தில் நேர்ந்தது. பெண்ணின் மறுப்பால் வந்ததன்று. ஷாஃபிஈ மத்ஹபில், பெண் தன்னை ஒப்படைக்க முன்வருவதிலிருந்து நபகா தொடங்குகிறது. கணவன் வெளியூரில் இருந்தால் என்ன செய்வது? இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலில் இதற்கு வழி சொல்லப்பட்டிருக்கிறது. பெண் தன் காழியிடம் முறையிட, அவர் கணவன் இருக்கும் ஊரின் காழிக்குக் கடிதம் எழுதுவார். செய்தி எட்டி, அவன் வந்துசேரப் போதிய காலம் கடந்தும் அவன் வராமலும் தன் சார்பில் ஒருவரை அனுப்பாமலும் இருந்தால், நபகா விதிக்கப்படும். ஒட்டகப் பயணத்தின் நாட்களை எண்ணி எழுதப்பட்ட சட்டம் இது! பயணம் நான்கு மணி நேரமாகச் சுருங்கிய காலத்தில் நாம் பதினான்கு மாதங்களைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறோம்.

பல வீடுகளில் கணவன் அனுப்பும் பணம் அவனது தாயாரின் கணக்குக்குப் போகிறது. அதிலிருந்து மருமகளுக்கு ஏதேனும் கொடுக்கப்படுகிறது. தாய்க்குச் செய்வது மகனின் கடமை. மனைவியின் நபகா அதனின்று வேறான கடமை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடைக்க இயலாது.

ஆனால் அந்தப் பெண் கேட்டது பணத்தை அன்று என்பதை நாம் அறிவோம். இங்கேதான் கலீபா உமர் (ரலி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. உரைமேடைகளில் பலமுறை கேட்டதுதான். இரவில் நகர்வலம் வந்த கலீபா, போருக்குச் சென்ற கணவனை எண்ணித் தனிமையில் வருந்திப் பாடும் பெண்ணின் குரலைக் கேட்டார்கள். பின்னர், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று விசாரித்து, நான்கு மாதங்கள் (சில அறிவிப்புகளில் ஆறு) என்ற விடை பெற்று, அதற்குமேல் எந்தப் படைவீரரையும் நிறுத்திவைக்கலாகாது என்று தளபதிகளுக்கு ஆணை அனுப்பினார்கள். மனைவியை அணுகேன் என்று சத்தியம் செய்பவனுக்கு, ஈலாச் சட்டத்தில் குர்ஆன் விதிக்கும் தவணையும் நான்கு மாதங்களே. மனைவியரை விட்டு நீங்கியிருந்த ஆண்கள் ஒன்று நபகா அனுப்ப வேண்டும், இல்லையேல் தலாக் சொல்லி, கடந்த காலத்து நபகாவையும் செலுத்த வேண்டும் என்று அவர்கள் எழுதியதாகவும் அறிவிப்பு உண்டு.

இந்த வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் நான்கு மாதம் என்னும் எண்ணோடு நின்றுவிடுகின்றனர். எம் உள்ளத்தைத் தொடுவது, அந்த எண் எவரிடமிருந்து பெறப்பட்டது என்பதே. கலீபா தளபதிகளைக் கேட்கவில்லை. அப்பெண்ணின் தந்தையையோ மாமனாரையோ கேட்கவில்லை. ஷூரா சபையைக் கூட்டவில்லை. தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் போய்க் கேட்டார்கள். நாணத்தால் அவர்கள் தலைகுனிய, உண்மையைச் சொல்ல வெட்கம் தடையாகாது என்று கூறி விடைபெற்றதாக வரலாறு. ஹஃப்ஸா (ரலி) அவர்கள் இளமையிலேயே முதற் கணவர் குனைஸ் (ரலி) அவர்களை இழந்தவர்கள். தனிமையின் நீளத்தை அறிந்தவர்கள். காத்திருப்பின் அளவைக் காத்திருக்கத் தெரிந்தவரிடம் கேட்டு ஓர் அரசின் போர்க் கொள்கையே மாற்றப்பட்டது.

நம் காலத்து விசாக் கோப்பைப் புரட்டிப் பாருங்கள். கணவனின் சம்பளம், முதலாளியின் கடிதம், தப்தரில் வலீயின் ஒப்பம், ஜமாஅத்தின் முத்திரை, சார்பதிவாளரின் கையெழுத்து அனைத்தும் அதில் இருக்கும். பெண்ணின் கையெழுத்தும் கட்டங்களுக்குள் இருக்கும். எவ்வளவு காலம் பிரிந்திருக்க உனக்குச் சம்மதம் என்ற கேள்வி மட்டும் எந்தத் தாளிலும் இராது. பெண் வீட்டில் அக்கேள்வி எழவில்லை. மாப்பிள்ளை வீட்டிலும் எழவில்லை. நிக்காஹ் ஓதி வைக்கும் எம்போன்றோரும் எழுப்புவதில்லை.

இதற்கு மறுமொழிகள் சில வரும் என்பதை அறிவோம். "கைப்பேசியில் தினமும் முகம் பார்த்துப் பேசுகிறார்களே" என்பர். மெய்தான், கேசட்டில் குரலைப் பதிந்து, ஊருக்கு வருவோர் கையில் கொடுத்தனுப்பிய 1980களின் தம்பதியர் இதனைக் கண்டிருந்தால் வியந்திருப்பர். ஆனால் குர்ஆன் கணவன் மனைவியரை ஒருவருக்கொருவர் ஆடை என்று உவமிக்கிறது. தொலைவிலிருந்து காட்டப்படும் ஆடை குளிருக்கு உதவுமா?

"வறுமை துரத்துகிறது, போகாமல் என்ன செய்வது?" என்பர். இது கனமான மறுமொழி. தங்கைகளின் திருமணமும் தந்தையின் கடனும் தோளில் ஏறிய இளைஞனைப் பார்த்து, நான்கு மாதத்திற்கொருமுறை விமானம் ஏறி வா என்று கூறுவது கொடுமை. அவனும் அங்கே காத்திருக்கிறான். அவன் தனிமையையும் யாரும் கேட்பதில்லை. மனைவி மனமொப்பினால் நெடும்பயணம் ஆகும் என்றே மார்க்க அறிஞர் பலரும் கூறியிருக்கின்றனர். ஒப்பிக் காத்திருந்து, குடும்பத்தை நிமிர்த்திய பெண்கள் எம் தெருவிலேயே உளர். அவர்களைத் தியாகிகள் என்போம். ஆனால் தியாகம் என்பது தானே தருவது. பிறர் ஒருத்தியின் பெயரால் செய்துவிட்டு அவளுக்குத் தியாகிப் பட்டம் சூட்டுவதை என்னவென்று அழைப்பது?

"இவ்வளவும் கேட்டால் என் மகளுக்கு மாப்பிள்ளை அமைவானா, ஹழ்ரத்?" என்று ஒரு தாய் கேட்டார். அவரது அச்சம் உண்மையானது. அந்த அச்சத்தை வைத்தே சம்பளத்தை மறைப்போரின் பிழைப்பு நடக்கிறது என்பதும் உண்மை. கேள்வி கேட்டதால் விலகிப்போகும் மாப்பிள்ளை, கேளாதிருந்தால் மூன்று மாதத்தில் அழைத்துக்கொண்டிருப்பார் என்று நம்ப எமக்குக் காரணம் தோன்றவில்லை.

காலம் கடந்துபோனவர்களுக்கும் வழி அடைபடவில்லை. காணாமற்போன கணவனின் மனைவி பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டும் என்னும் ஹனஃபி நிலையால் பெண்கள் பட்ட துயர் கண்டு, மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் 'அல்ஹீலத்துந் நாஜிஸா' என்னும் நூலில் மாலிகி மத்ஹபின் தீர்வுகளை ஏற்றார்கள். அதன் தாக்கத்தோடு பிறந்ததே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். நான்கு ஆண்டுகள் கணவனின் இருப்பிடம் தெரியாவிடினும், இரண்டு ஆண்டுகள் அவன் ஜீவனாம்சம் தராவிடினும், தக்க காரணமின்றி மூன்று ஆண்டுகள் இல்லறக் கடமைகளை நிறைவேற்றாவிடினும், பெண் நீதிமன்றத்தில் திருமண முறிவு பெறலாம். தம் மத்ஹபில் உறுதியாக நின்ற ஓர் ஆலிம், காத்திருக்கும் பெண்ணுக்காக மற்றொரு மத்ஹபின் வாயிலைத் தட்டினார் என்பது நினைக்க நினைக்க நெகிழ வைக்கிறது.

முறிவுக்கு முன்னரே தற்காப்பும் இருக்கிறது. நிக்காஹின்போது பெண் விதிக்கும் நிபந்தனைகளுக்கு ஹன்பலி மத்ஹப் மிகுந்த வலு அளிக்கிறது. ஹனஃபி மத்ஹபில், குறித்த நிலை ஏற்பட்டால் தலாக்கின் அதிகாரம் மனைவிக்கு என்று கணவன் ஒப்படைக்கும் தஃப்வீள் இருக்கிறது. இந்திய நீதிமன்றங்களும் அதனை ஏற்றிருக்கின்றன. பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய நாடுகளின் நிக்காஹ் படிவத்தில் 18ஆம் கட்டமே இதற்கென்று விடப்பட்டது. அந்தக் கட்டத்தைப் பெண்ணைக் கேளாமலே அடித்துவிடும் வழக்கம் அங்கே மிகுதி என்பர். நம் தப்தர்களில் அடிப்பதற்குக்கூட அப்படி ஒரு கட்டத்தைக் காணோம்.

புதிய கட்டம் அச்சிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிக்காஹுக்கு முன் வக்கீலும் இரு சாட்சிகளும் பெண்ணிருக்கும் அறைக்குச் சென்று, இன்னாரின் மகன் இன்னாருக்கு, இவ்வளவு மஹருக்கு உம்மை மணமுடித்துத் தரச் சம்மதமா என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் முன்பே இருக்கிறது. அவ்விடத்தில் இன்னொரு வாக்கியத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். "உம் கணவர் இன்ன நாட்டில், இவ்வளவு சம்பளத்தில் பணிபுரிகிறார்; குடும்ப விசாவுக்கு அங்கே இவ்வளவு கேட்கின்றனர்; இத்தனை மாதங்கள் நீர் பிரிந்திருக்க நேரலாம்; அதற்கும் சம்மதமா?" கன்னிப் பெண்ணின் மௌனம் நிக்காஹுக்குச் சம்மதமாகும் என்றது அவளது நாணத்தைக் கருதியே. பிரிவின் மாதங்களுக்கும் அவளது மௌனத்தையே சம்மதமாகக் கொள்ள நூல்களில் எமக்கு ஆதாரம் அகப்படவில்லை. ஆகவே அந்த இரண்டாவது கேள்விக்கு அவள் வாய் திறந்து விடை கூறும்வரை வக்கீல் அறையிலேயே நிற்கட்டும். குத்பா சற்றுத் தாமதித்துத் தொடங்கினால் குறைவொன்றுமில்லை. பிரியாணி ஆறாமலிருக்கச் சமையற்காரர்கள் வழி அறிவார்கள்.